இரவல் நாடி

துளசிமணிக்குச் சம்பளமே பயப்படாமல் இருப்பதற்குத்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று, அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் "ஒர்க்‌ஷாப்புல ஆபீஸ் வேலைங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். சொல்லாமல் இருக்க இன்னொரு காரணமும் இருந்தது. அந்த வேலை சட்டப்படி குற்றம்.

கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில், கிரைண்டர் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிறது நவநீதனின் ஒர்க்‌ஷாப். கீழே நாலைந்து கார்கள் பானெட்டைத் திறந்து போட்டபடி நிற்கும். மாடியில் ஒரே ஓர் அறை. அதில் ஒரு ஏ.சி., ஒரு சாய்வு நாற்காலி, சுவரில் ஒரு பெரிய மானிட்டர். காலையில் வந்து இடது மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பாள். காபி கூடாது. சீரியல் கூடாது. போனைக் கீழேயே கொடுத்துவிட வேண்டும். ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கலாம். தெருவில் சண்டை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். இப்படியும் ஒரு பிழைப்பா என்று முதல் நாள் அவளுக்கே சிரிப்பு வந்தது. அதையும் அளவாகத்தான் சிரித்தாள்.

அன்றைக்கு நவநீதன்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினான்.

"காரோட இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்குதுங்க்கா. நாங்க மூளைன்னு சொல்லுவோம். எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காத்துன்னு அதுதான் முடிவு பண்ணும். அதைத் தொறந்து கணக்கை மாத்தி எழுதினா, அதே இன்ஜின் ஒண்ணரை மடங்கு இழுக்கும். ரீமேப்புன்னு பேரு. என்ற தொழிலே அதுதான். நாடிச் சட்டம் வந்துச்சு, என் பொழப்புல மண்ணைப் போட்டுச்சு."

"டிவில பார்த்தனுங்க. ஸ்டீயரிங்கே நாடி பார்க்குமாமே."

"ஆமாங்க்கா. ஓட்டறவன் பயந்தாலோ படபடத்தாலோ ஸ்டீயரிங் கண்டுபிடிச்சு மூளைக்குச் சொல்லிரும். அது பவரைப் பாதியாக் கொறைச்சு, பச்சை விளக்கை மஞ்சளாக்கிரும். நல்ல சட்டம்தான், இல்லைங்கல. ஆனா என்ற கஸ்டமர் பூராம் எளவட்டப் பசங்க. ஆக்ஸிலேட்டரை மிதிச்ச ஒடனே நெஞ்சு திக்குதிக்குங்கும். வண்டி பொசுக்குன்னு படுத்துரும். நான் எத்தனை ரீமேப் பண்ணி என்னத்துக்கு?"

"ஆரோட நாடியையாவது பதிவு பண்ணி ஓட்டிர வேண்டியதுதானுங்க?"

"பண்ணிப் பார்த்தேனே! மூளை கில்லாடிங்க்கா. அப்பப்ப ஸ்டீயரிங்ல சின்னதா ஒரு சுருக்கு குடுக்கும். உசுருள்ள நாடின்னா அதுக்கு லேசா ஒரு பதில் வரும், பதிவுல வராது. அதனாலதான் நீங்க. இங்க நீங்க உட்கார்ந்திருந்தா, உங்க நாடி அத்தனை வண்டிக்கும் போகும். அத்தனை வண்டியோட சுருக்கும் உங்க கைக்கு வரும். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், பழகிரும்."

பழகிவிட்டது. அந்த ஏற்பாட்டுக்கு நவநீதன் 'சாந்தம்' என்று பெயர் வைத்து, வாய்வழியாகவே ஊரெல்லாம் விற்றான்.

அவளைத் தேடிப் பிடித்த கதைதான் வேடிக்கை. துளசிமணி பதினோரு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுத்தவள். காதில் ஹெட்போனை மாட்டியதிலிருந்து கழற்றும்வரை வசவுதான். அம்மாவை இழுத்து வைவார்கள், சாபம் விடுவார்கள். அவள் "உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேங்க சார்" என்பாள். வைதவர்களில் ஒருவன் நவநீதன். அரைமணி நேரம் கத்தித் தீர்த்தும் அந்தக் குரல் ஒரு நூல்கூட உயரவில்லை என்பதை அவன் மறக்கவில்லை. புகார் கேட்கும் வேலையை மெஷின்கள் பிடித்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பியபோது ஓடி வந்து அழைத்துக்கொண்டான். புருஷன் திருப்பூரில் இன்னொரு குடும்பத்தோடு செட்டிலாகியிருந்தான். மகள் கவின்மதிக்குக் காலேஜ் வயசு. துளசிமணி யோசிக்கவில்லை. பட்டையைக் கட்டியதும் மானிட்டரில் அறுபத்திரண்டு என்று காட்டியது. அன்றிலிருந்து அறுபத்திரண்டுதான்.

ஒரே ஒரு தடவை தவிர.

அன்றைக்கு மோட்டுவளையிலிருந்து அவள் தலையில் ஒரு பல்லி விழுந்தது. பல்லிக்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவள். தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் மோர் கொண்டுவந்த வெல்டர் ரங்கசாமி சும்மா இராமல் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைத் திருப்பி, பல்லி விழும் பலனைப் பார்த்து, "தலை, இடது பக்கம்... துன்பமுங்க்கா" என்று சத்தமாகப் படித்தான். கவின்மதி அன்று காய்ச்சலில் தனியாக வீட்டில் கிடந்தாள். துளசிமணிக்கு நெஞ்சு திக்கென்றது. மானிட்டரில் நாடி ஒரே தாவலாக நூற்றுப்பத்துக்குப் போய் இறங்கியது. இரண்டு மூன்று விநாடிதான்.

கவின்மதிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பேப்பரில் ஒரு செய்தி வந்தது: சூலூர் பக்கம் லாரியை முந்தப் போன கார் திடீரென்று வேகம் இழந்து, எதிரே வந்த இன்னொரு லாரிக்கு முன்னால் நின்றுவிட்டது. ஓட்டிய பையன் அங்கேயே போய்விட்டான். நவநீதன் அந்தப் பேப்பரை அவள் கண்ணில் படாமல் மறைத்தான். அவள் பஸ்ஸில் வரும்போதே படித்துவிட்டிருந்தாள். இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. காலண்டரை மட்டும் யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் பொதுவாகச் சொல்வதுபோல் நவநீதன் சொன்னான்: "நாடி மெதுவா ஏறுச்சுன்னா வண்டியும் மெதுவா கொறையும்க்கா, ஒண்ணும் ஆகாது. ஒரேயடியாத் தாவினாத்தான் மூளை பட்டுன்னு வெட்டும்."

அதற்கப்புறம் அவள் பயத்தைக் கிட்டவே சேர்க்கவில்லை. பயம் வருகிற மாதிரி இருந்தால் மனசுக்குள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். அவளுடைய அப்பா செத்த சேதியும் அந்த நாற்காலியில்தான் வந்தது. அறுபத்திரண்டு. சாவு வீட்டிலும் அழுகை வரவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்று அத்தைமார் காதுபடவே பேசினார்கள். குளியலறையில் கழுத்தில் விரலை வைத்து நாடி பார்த்தாள். துடிப்பு எப்போதும்போல நிதானமாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குத் தன்னைக் கண்டே கொஞ்சம் பயமாக இருந்தது. அந்தப் பயமும் விரலில் தெரியவில்லை.

இந்தக் கதை நடந்த நாளில், மதியச் சாப்பாடு முடிந்த நேரம், நவநீதன் மாடி ஏறி வந்தான். கையில் அவள் போன். போனை மேலே கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டவனே அவன்தான்.

"பாப்பா விடாமக் கூப்பிட்டுட்டே இருக்குதுங்க்கா. மனசு கேக்கல. நிதானமாப் பேசுங்க." அவன் முகம் வெளுத்திருந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நவநீதன் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. நாய், லிஃப்ட், காக்கிச் சட்டை எல்லாவற்றுக்கும் பயப்படுவான். துளசிமணி பாத்ரூம் போகும்போது மட்டும் பட்டையை அவன் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி முருகா முருகா என்று உட்கார்ந்திருப்பான். ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்க மாட்டான்.

துளசிமணி போனைக் காதில் வைத்தாள். காற்றின் இரைச்சல். அதற்குள் கிசுகிசுப்பாக மகளின் குரல்.

"அம்மா... அம்மா, பயமா இருக்கும்மா."

"எங்க கண்ணு இருக்கற?"

"வால்பாறை மலைல. பொள்ளாச்சிக்குன்னு பொய் சொல்லிட்டேன்மா, திட்டாத. ரித்விக்னு என்ற கிளாஸ் பையன் ஓட்டறான். கொண்டை ஊசி வளைவுலயே பஸ்ஸை முந்தறான். இப்ப ஒரு டயரு ரோட்டை விட்டு வெளிய போயிட்டு வந்துச்சு. கீழ ஒண்ணுமே இல்லம்மா, வெறும் பள்ளம்."

"நிறுத்தச் சொல்லு."

"சொன்னா சிரிக்கறான். பின்னாடி ஒருத்தன் வீடியோ வேற எடுக்கறான், அதுக்காக இன்னும் மிதிக்கறான். அவனுக்கும் பயமாத்தான்மா இருக்கு, கை நடுங்குறதை நான் பார்த்தேன். ஆனா ஸ்டீயரிங்ல பச்சைதான் எரியுது. பயந்தா வண்டி தானாக் கொறையும்னு நீதான சொன்ன? ஏம்மா கொறைய மாட்டேங்குது?" குரல் உடைந்தது. "சாந்தம் போட்டிருக்கானாம். ஒண்ணும் ஆகாதுங்கறான்."

துளசிமணிக்குக் காதுமடல் சில்லிட்டது. மணிக்கட்டில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அதில் ஓர் எறும்பு தன் மகள் உட்கார்ந்திருக்கும் வண்டியிலிருந்து வருகிறது. இந்தக் கையிலிருந்து போகும் நாடியை நம்பித்தான் அந்த வண்டி பள்ளத்தின் ஓரத்தில் பறந்துகொண்டிருக்கிறது.

"போனை வெக்காத அம்மிணி. பெல்ட்டு போட்டிருக்கறயா? அவன்கிட்ட ஒண்ணும் பேசாத. அம்மா பார்த்துக்கறேன்." ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. நவநீதனைப் பார்த்தாள். "தம்பி, என்ற பொண்ணு நம்ம வண்டில போயிட்டிருக்குது. அந்த வண்டியை மட்டும் கொறைங்க."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "அது... எந்த வண்டின்னு எனக்குத் தெரியாதுங்க்கா. மாட்டினா பேரு வெளிய வரக்கூடாதுன்னு, ஆரு எதுன்னு நானே பார்க்க முடியாத மாதிரித்தான் எழுதி வெச்சேன். மானிட்டர்ல வண்டிக்கு ஒண்ணா ஓடறது வெறும் புள்ளிங்க."

"அப்ப எல்லாத்தையும் கொறைங்க."

"எப்படிங்க்கா? மொத்தமா ஆஃப் பண்ணினா எல்லாம் பட்டுன்னு வெட்டிரும். ஏதாவது ஒருத்தன் லாரிக்கு முன்னாடி..." சொல்லிக்கொண்டே வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மெசேஜ் அனுப்பினா ஓட்டிட்டிருக்கறவன் எங்க பார்க்கப் போறான்? மெதுவாக் கொறைக்க என்கிட்ட பொத்தான் இல்லைங்க்கா. நாடிதான் பொத்தான். நீங்க... நீங்க கொஞ்சம் கொஞ்சமாப் பயப்படணும்."

அவ்வளவுதானே! பயம்தானே வேண்டும்? அவளுக்குள் குடம் குடமாக இருந்தது. துளசிமணி மானிட்டரைப் பார்த்தாள். அறுபத்திரண்டு.

கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பள்ளத்தை நினைத்தாள். கவின்மதியின் செருப்பு மட்டும் பாறைமேல் கிடப்பதாக நினைத்தாள். நினைத்த நினைப்பில் வாய் உலர்ந்தது, உள்ளங்கை வேர்த்தது. கண்ணைத் திறந்தாள். அறுபத்திரண்டு. நெஞ்சிலேயே ஓங்கி ஒரு குத்து விட்டாள். எழுந்து குதித்தாள், ஓடினாள். நாடி ஏறியது, புள்ளிகளின் வேகம் குறையவில்லை.

"அது வேகாதுங்க்கா," நவநீதன் அழுகிற குரலில் சொன்னான். "ஓடி ஏறுற நாடி வேற, பயந்து ஏறுற நாடி வேற. மூளைக்கு வித்தியாசம் தெரியும். இல்லாட்டி படி ஏறி வந்தவன்கூட வண்டி எடுக்க முடியாது."

"நான் பயந்துட்டுத்தான் இருக்கறேன்!" என்று கத்தினாள். அவள் கத்தி அந்த அறை கேட்டதில்லை. "ஐயோ சாமி, ஈரக்குலையே நடுங்குது, இந்தப் பாழாப்போன நெஞ்சுக்கு மட்டும் தெரிய மாட்டேங்குதே!"

மேஜைமேலிருந்து டயர் கிறீச்சிடும் சத்தம் வந்தது. யாரோ பையன் ஊளையிட்டுச் சிரித்தான். கவின்மதி "அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

துளசிமணி நவநீதனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உதடு கோணிக்கொண்டு நடுங்கியது. கழுத்தில் நரம்பு துடிப்பது இங்கிருந்தே தெரிந்தது. உலகத்திலேயே ஒழுங்காகப் பயப்படத் தெரிந்த ஒரு மனுஷன் எதிரிலேயே நிற்கிறான்!

"பட்டையை நீங்க கட்டிக்கங்க."

"ஐயோ, நானா? இப்பக் கட்டினா எடுத்த எடுப்புல நூத்திருபது காட்டும். எல்லா வண்டியும் வெட்டிரும்."

அது உண்மை. முதலில் அவனை இறக்க வேண்டும், பிறகு மெதுவாக ஏற்ற வேண்டும். இறக்குகிற வேலை அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷம் அதைத்தான் செய்தாள். ஸ்டூலில் அவனை உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம் சார். புகார்ப் பிரிவிலிருந்து துளசிமணி பேசறேன். உங்களுக்கு நான் எப்படி உதவட்டுமுங்க?"

நவநீதன் திகைத்தான். பிறகு அவனை அறியாமல் ஒரு சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து.

"அன்னைக்கு அரைமணி நேரம் என்னை வெச்சு வாங்கினீங்களே சார், ஞாபகம் இருக்குங்களா?"

"எருமைன்னு கூட வைதேன்."

"பன்னாடைன்னும் வைதீங்க. பதிவு பண்ணி வெச்சிருக்கறனுங்க. மூச்சை மெதுவா விடுங்க சார். இன்னொரு தடவை. உங்க லைன்ல நான் இருக்கறேன். எங்கயும் போக மாட்டேன்."

அந்தக் குரலுக்கு ஒரு பாங்கு உண்டு. அவன் தோள் தளர்ந்தது. மூச்சு இறங்கியது. கழுத்து நரம்பு அடங்கியதும், துளசிமணி பட்டையைக் கழற்றி அவன் கையில் கட்டினாள். கை மாற்றுவதற்குக் கருவி சில விநாடி பொறுக்கும். மானிட்டரில் எழுபத்தாறு. புள்ளிகள் நிற்கவில்லை.

இப்போது ஏற்ற வேண்டும். அவனுடைய பயம் எங்கே புதைந்து கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அவளுடையதும் அதே இடத்தில்தான் இருந்தது.

"தம்பி," என்றாள், அதே குரலில். "பல்லி விழுந்த அன்னைக்கு சூலூர்கிட்ட என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும்."

அவன் கண் விரிந்தது. எண்பத்திரண்டு.

"அந்தப் பையன் பேரு மௌலீஸ்வரன். அவன் வண்டியை நிறுத்தினது என்ற நாடி. நீங்க பேப்பரை மறைச்சதும் தெரியும்."

"அக்கா... இப்ப எதுக்குங்க..." எண்பத்தெட்டு. போனில் கவின்மதியின் மூச்சு கேட்டது.

"அவங்க அம்மா இங்க வந்தாங்க. நீங்க சேலம் போயிருந்த அன்னைக்கு. நொறுங்கின வண்டியில இருந்து மூளையைக் கழட்டி வாங்கி, துணிக்கடைப் பையில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. நீங்கதான் ரீமேப் பண்ணினதுன்னு அவங்களுக்குத் தெரியாது. நாலு ஒர்க்‌ஷாப்புல விசாரிச்சாங்களாம், இது அஞ்சாவது. என்ன கேட்டாங்க தெரியுங்களா?"

நவநீதன் தலையை ஆட்டினான். சொல்லாதீர்கள் என்று ஆட்டினானா, தெரியாது என்று ஆட்டினானா, தெரியவில்லை. தொண்ணூற்றுமூன்று. மானிட்டரில் ஒன்றிரண்டு புள்ளிகள் வேகம் குறைய ஆரம்பித்திருந்தன.

"'கடைசி நேரத்துல என்ற பையன் பயந்தானாங்க? இதுல நாடி பதிவாகியிருக்குமாமே, பார்த்துச் சொல்லுங்க'ன்னாங்க. நான் அந்தப் பெட்டியைக் கையில வாங்கினேன் தம்பி. அதுல அந்தப் பையனோட நாடியே இல்ல. இருந்ததெல்லாம் என்னோடது. அவன் கடைசியா எப்படித் துடிச்சான்னு இந்த உலகத்துல எங்கயும் பதிவில்ல. நாமதான் அதை எடுத்துட்டோம்."

தொண்ணூற்றெட்டு.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டான்.

"பயப்படலைங்க, நிம்மதியாத்தான் போனான்னு சொன்னேன். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக் கும்பிட்டுட்டுப் போனாங்க. இன்னைக்குக் காலைல மறுபடியும் போன். அந்தப் பெட்டியைப் போலீஸ்காரங்க கேக்கறாங்களாம். உள்ள இருக்கறது வேற ஆரோட நாடியோன்னு சந்தேகமாம்."

நூற்று மூன்று. நூற்று ஏழு. அவன் சப்தநாடியும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். மானிட்டரில் மட்டும் அது ஏறிக்கொண்டே போனது. அவசரப்படாமல், ஒவ்வொரு படியாக. புள்ளிகள் எல்லாம் ஊர ஆரம்பித்தன. துளசிமணி அவன் கையை விடவில்லை.

போனில் ரித்விக்கின் குரல் கேட்டது. "என்னடா இது, இழுக்க மாட்டேங்குது! மஞ்ச லைட்டு எரியுதுடா!" இன்ஜின் முனகியது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பிறகு கதவு திறக்கிற சத்தம்.

"அம்மா, நின்னுடுச்சும்மா. வியூ பாயின்ட்டுகிட்ட ஓரமா நின்னுடுச்சு. நான் எறங்கிட்டேன்." கவின்மதி ஓவென்று அழுதாள்.

"நல்லது கண்ணு. அந்த வண்டில மறுபடியும் ஏறாத. கீழ வர்ற பஸ்ல ஏறி ஆழியாறு வா. அம்மா வரேன்."

எல்லாப் புள்ளிகளும் ஆமையாய்ப் போன பிறகுதான் நவநீதன் பட்டையோடு எழுந்து போய் எல்லோருக்கும் மொத்தமாக மெசேஜ் போட்டான்: ஓரங்கட்டுங்கள், சாந்தம் நிறுத்தப்படுகிறது. உடனே அவனுடைய இன்னொரு போன் அலறத் தொடங்கியது. ஒவ்வொருவனும் வண்டி இழுக்கவில்லை என்று வைதான். பன்னாடை, எருமை, எல்லாம் வந்தது. நவநீதன் அழுதுகொண்டே ஒவ்வொரு வசவையும் வாங்கினான். வைகிறவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். துளசிமணிக்கும் அது அப்போதுதான் உறைத்தது. சிலர் கூப்பிடவில்லை. அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆனால் புள்ளிகள் எல்லாம் மானிட்டரில் இருந்தன, அதைத்தான் இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தம்மா நிஜமாவே வந்தாங்களாங்க்கா?" என்று கடைசியில் கேட்டான்.

"வந்தது நிஜம். இன்னைக்குப் போன் வந்தது, போலீசு கேட்டது, அதெல்லாம் பொய்." அவன் பெருமூச்சு விடுவதற்குள் சொன்னாள்: "நாளைக்கு நானே போறேன். அந்த நாடி என்னோடதுன்னு அவங்ககிட்டச் சொல்லணும். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. இப்ப உங்க கார்ச் சாவியைக் குடுங்க."

ஊரான் வண்டிக்கெல்லாம் கட்டை அவிழ்த்துவிட்டவன் தன் வண்டியை மட்டும் தொட்டதில்லை. கம்பெனியில் எப்படி வந்ததோ அப்படியே வைத்திருந்தான். துளசிமணி அதை எடுத்துக்கொண்டு ஆழியாறு போனாள். வால்பாறையிலிருந்து மலை இறங்கி வந்த பஸ்ஸிலிருந்து கவின்மதி இறங்கினாள். வந்த வேகத்தில் அம்மாவின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, காதை எடுக்காமலே சொன்னாள்:

"உன் நெஞ்சு எவ்வளவு அமைதியா அடிக்குதும்மா! நான் செத்துப் பொழைச்சு வந்திருக்கேன், உனக்குப் பயமே வரலையா?"

துளசிமணி மகளின் தலையைத் தடவி, காரில் ஏற்றினாள்.

பொள்ளாச்சி தாண்டியதும் ரோடு அகலமானது. பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. துளசிமணிக்கு இப்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. அந்தப் பள்ளம், டயர் சத்தம், துணிக்கடைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற அந்த அம்மா. பல் கிட்டியது. கால் தன்னால் விறைத்தது. எப்படியாவது வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், மகளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் மனசில் ஓடியது. லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. தென்னைமரங்கள் கோடாக ஓடின.

"அம்மா," என்றாள் கவின்மதி. மறுபடியும், இன்னும் மெல்லிய குரலில், "அம்மா... பயமா இருக்கும்மா. மெதுவாப் போ."

துளசிமணி கீழே பார்த்தாள். முள் நூற்று முப்பதில் நின்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் கைகளுக்கு நடுவே விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. யாரும் கைவைக்காத வண்டி, சட்டப்படி சரியான வண்டி. அது அவளைத் தொட்டுப் பார்த்து, இவள் நிதானமாக இருக்கிறாள் என்று முழுசாக நம்பிவிட்டது.

காலை எடுத்தாள். வண்டியை ஒரு இளநீர்க் கடை ஓரமாக நிறுத்தி, இறங்கி, மறுபக்கம் வந்து கதவைத் திறந்தாள்.

"நீ ஓட்டு கண்ணு."

"நானா? என்ற கையைப் பாரும்மா, எப்படி நடுங்குதுன்னு. இந்தக் கையோட பிடிச்சா வண்டி நகரவே நகராது."

"நடுங்கட்டும். அந்தக் கைதான் வேணும்."

கவின்மதி ஸ்டீயரிங்கைப் பிடித்த மறுவிநாடி விளக்கு மஞ்சளானது. வண்டி முப்பதைத் தாண்ட மறுத்தது. பின்னால் வந்த லாரிக்காரர்கள் விடாமல் ஹாரன் அடித்தார்கள், முந்தும்போது தலையை வெளியே நீட்டி வைதார்கள். துளசிமணி பக்கத்துச் சீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு, கோயமுத்தூர் வரை அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள்.